மொல்னார் (குடும்பப்பெயர்)

மொல்னார் என்பது ஹங்கேரிய மொழியில் பெருவழக்கான குடும்பப்பெயர்களுள் ஒன்று. தானியத்தை ஆலையிலிட்டு மாவாக்கித் தருபவரைக் குறிக்கும் சொல், அத்தொழிலைச் செய்தவருக்குப் பெயராகி, பிறகு அவர் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தொடர்ந்து வந்தது. ஆங்கிலத்தின் மில்லர், ஜெர்மன் மொழியின் ம்யூலர், இத்தாலியத்தின் மொலினாரி, உக்ரேனியத்தின் மெல்னிக், ருமேனியத்தின் மொராரு ஆகியவை இதே பொருளுடைய பெயர்கள்.

இன்று ஹங்கேரியில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இப்பெயரைத் தாங்கியிருக்கின்றனர். அந்நாட்டின் முதல் பத்துக் குடும்பப்பெயர்களில் இதுவும் ஒன்று. அந்தப் பத்தில் நான்கு பெயர்கள் தொழிலிலிருந்து வந்தவை: கோவாச் (கொல்லர்), சபோ (தையற்காரர்), வர்கா (செருப்புத் தைப்பவர்), மொல்னார். ஹோர்வாத், டோத், நேமெத் ஆகிய மூன்றும் முறையே குரோவாசியர், ஸ்லாவியர், ஜெர்மானியர் என இனத்தைச் சுட்டுபவை. மற்றவை பெரியவர், சிறியவர், ஓநாய் என்ற பொருளுடையவை.

தமிழ் இலக்கணத்தில் தொழிற்பெயர் என்பது ‘ஓடுதல்’, ‘அரைத்தல்’ போன்ற சொற்களைக் குறிப்பதால், இக்கட்டுரையில் ‘தொழில்வழிப் பெயர்’ என்ற தொடர் ஆளப்படுகிறது.

மொல்னார் என்ற பெயரால் உலகறிந்தவர்களில் மாவு அரைத்துப் பிழைத்தவர் எவருமில்லை. ஒருவருக்கு அது பரம்பரையாக வந்தது. ஒருவர் பதினெட்டு வயதில் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டார். ஒருவருக்குத் திருமணத்தால் கிடைத்தது. இன்னொருவர் உயிர் தப்புவதற்காகச் சில மாதங்கள் அதை அணிந்திருந்தார். ஒரே பெயருக்கு இத்தனை வழிகளில் ஆட்கள் வந்து சேர்ந்த கதை, மத்திய ஐரோப்பாவின் வரலாற்றோடு பிணைந்தது.

சொல்லின் பிறப்பு

ஹங்கேரிய மொழி யூரலியக் குடும்பத்தைச் சேர்ந்தது. பின்னிய மொழியும் எஸ்தோனிய மொழியும் அதற்குத் தூரத்து உறவு. சுற்றிலும் பேசப்படும் ஸ்லாவிய, ஜெர்மானிய மொழிகளோடு அதற்குப் பிறப்புறவு கிடையாது. ஆனால் அவற்றிடமிருந்து வாங்கிய சொற்கள் ஏராளம். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் குதிரைகளோடு கார்பாத்தியச் சமவெளிக்குள் வந்த மகியார்கள், அங்கே ஏற்கெனவே ஊர் அமைத்து வாழ்ந்த ஸ்லாவியரிடமிருந்து பல கைத்தொழில்களின் பெயர்களைப் பெற்றனர். ஆலைக்காரரைக் குறிக்கும் ‘ம்லினார்’ என்ற ஸ்லாவியச் சொல் அப்படி வந்ததே. அந்தச் சொல்லின் வேரோ இலத்தீன் வரை போகிறது.

‘ம்லினார்’ எப்படி ‘மொல்னார்’ ஆனது? பழைய ஹங்கேரிய மொழி, சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பதை விரும்பாது. இடையிலோ முன்னாலோ ஓர் உயிரை நுழைத்துவிடும். நெசவாளரைக் குறிக்கும் ‘த்காச்’ அங்கே ‘தகாச்’ ஆயிற்று. அரசரைக் குறிக்கும் ‘க்ரால்’ ‘கிராய்’ ஆயிற்று. இலத்தீனின் ‘ஸ்கோலா’ ‘இஷ்கோலா’ ஆயிற்று. தமிழருக்கு இதில் வியப்பு இருக்காது. வடமொழியின் க்ராமத்தைக் கிராமம் ஆக்கியதும், பேச்சில் ஸ்கூலை இஸ்கூல் ஆக்கியதும் இதே பழக்கந்தான். உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே சிக்கலை ஒரே வழியில் தீர்த்திருக்கின்றன.

இந்தச் சொல் பறவைக்கும் பூச்சிக்கும்கூடப் போயிருக்கிறது. வயிறு வெளுத்த ஒரு வகைத் தகைவிலானை ஹங்கேரியர் ‘மொல்னார்ஃபெச்கெ’, அதாவது ஆலைக்காரத் தகைவிலான் என்பர். மாவு அப்பியதுபோல் அது இருப்பதே பொருத்தம். குளத்து நீரின்மேல் கால் பரப்பி ஓடும் நீர்த்தாண்டிப் பூச்சிக்கு ‘மொல்னார்கா’, சின்ன ஆலைக்காரன் என்று பெயர்.

ஆலைக்காரரின் இடம்

தமிழில் இத்தொழிலுக்கு நேரான பழஞ்சொல் இல்லை. தமிழ் வீடுகளில் திரிகையும் உரலும் அம்மியும் இருந்தன. மாவு வீட்டுப் பெண்களின் கையால் வந்தது. ஊருக்குப் பொதுவாக ஒருவர் அரைத்துத் தருவது மின்சார மாவுமில் வந்த பிறகு ஏற்பட்டதே. எண்ணெய்க்காகச் செக்காரரிடம் போனதைத்தான் ஓரளவு ஒப்பிடலாம். ஐரோப்பாவிலோ கோதுமையும் கம்பு வகைத் தானியமும் ரொட்டியாக வேண்டியிருந்ததால், நீராலோ காற்றாலோ சுழலும் ஆலைக்குக் கிராமம் முழுவதும் வந்தாக வேண்டும்.

ஆலை பெரும்பாலும் நிலப்பிரபுவுக்குச் சொந்தமானது அல்லது அவர் அனுமதியோடு நடந்தது. அரைக்க வந்த தானியத்தில் ஒரு பங்கை ஆலைக்காரர் கூலியாக எடுத்துக்கொள்வார். அந்தப் பங்குக்கு ‘வாம்’ என்று பெயர். இன்று ஹங்கேரியின் எல்லைச் சாவடிகளிலும் விமான நிலையங்களிலும் சுங்கவரித் துறையைக் குறிக்கும் பலகையில் எழுதியிருப்பதும் இதே சொல்தான். பங்கு எடுக்கும் கை கொஞ்சம் நீளம் என்ற சந்தேகம் ஐரோப்பா எங்கும் ஆலைக்காரர்மேல் இருந்தது. அதே சமயம் அவர் இல்லாமல் ஊருக்கு ரொட்டி இல்லை.

ஹங்கேரியின் சமவெளி ஆறுகளில் ஒரு தனி வகை இருந்தது: படகு ஆலை. இரண்டு படகுகளை இணையாக நிறுத்தி, நடுவில் பெரிய நீர்ச்சக்கரத்தைப் பொருத்துவர். பெரிய படகின்மேல் ஆலை வீடு. ஆற்று மட்டம் ஏறினால் ஆலையும் ஏறும், இறங்கினால் இறங்கும். கரையில் கட்டிய ஆலைக்கு இல்லாத வசதி இது. குளிர்காலத்தில் பனிக்கட்டி மிதந்து வரும்போது ஆலையை ஒதுக்குப்புறமாக இழுத்துக் கட்டிவிடுவர். தன்யூபிலும் திசாவிலும் இத்தகைய ஆலைகள் வரிசையாக நங்கூரமிட்டு நின்றன. நீராவிக் கப்பல்கள் வந்தபோது அவற்றுக்கு இவை தடையாயின. தன்யூபின் ஒரு கிளைக்கரையில் உள்ள ராட்ஸ்கெவே என்ற ஊரில், பழைய முறைப்படி மீளக் கட்டப்பட்ட ஒரு படகு ஆலையை இன்று பார்க்கலாம்.

தொழில் பெயராக உறைந்தது ஏறத்தாழ 14ஆம் நூற்றாண்டுக்கும் 16ஆம் நூற்றாண்டுக்கும் இடையில். அதற்கு முன் சாதாரண மக்களுக்கு இடுபெயர் மட்டுமே. ஓர் ஊரில் ஐந்து யானோஷ்கள் இருந்தால், வரிக் கணக்கு எழுதுபவர் ‘ஆலைக்கார யானோஷ்’ என்று பிரித்துக் காட்டுவார். ஊருக்கு ஓர் ஆலைக்காரர் என்பதால் அந்த அடைமொழியில் குழப்பத்துக்கு இடமில்லை. இத்தொழிலின் பெயர் இவ்வளவு பரவியிருப்பதற்கும் அதுவே காரணம் எனலாம். எந்த ஊரிலும் ஒருவர்தான் இருந்தார்; ஆனால் அந்த ஒருவர் எல்லா ஊரிலும் இருந்தார்.

தொழில் வேறு திசையில் போயிற்று. இஷ்ட்வான் செய்செனி முதலானோரின் முயற்சியால் பெஸ்ட் நகரில் 1841இல் உருளை ஆலை இயங்கத் தொடங்கியது. 1870களில் கான்ஸ் தொழிற்சாலையின் பொறியாளர் ஆந்திராஷ் மெக்வார்ட் உருவாக்கிய கடின வார்ப்பிரும்பு உருளைகள் ஆலைக்கல்லின் இடத்தைப் பிடித்தன. ஹங்கேரியின் கடினமான கோதுமையைப் படிப்படியாக உடைத்து வெள்ளை மாவாக்கும் முறை உலகப் புகழ் பெற்றது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் ஆலைகளும் அதைக் கற்றுக்கொண்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாவு உற்பத்தியில் மினியாபொலிசோடு போட்டியிட்ட நகரம் புடாபெஸ்ட். ஆனால் அந்த ஆலைகளில் வேலை செய்தவர்கள் கூலிக்கு வந்த தொழிலாளிகள். கிராமத்தில் தனி மதிப்போடு இருந்த பழைய மொல்னாருக்கு அங்கே வேலை இல்லை.

பரம்பரையாக வந்தவர்: ஆல்பர்ட் செந்ட்சி மொல்னார்

பெயரையும் தொழிலின் நினைவையும் ஒருங்கே பெற்றவர் ஆல்பர்ட் செந்ட்சி மொல்னார் (1574–1634). ஆலைக்காரர் குடும்பத்தில், செந்ட்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று ஸ்லோவாக்கியாவில் செனெட்ஸ் என்ற பெயரில் உள்ளது. ‘செந்ட்சி’ என்றால் ‘செந்ட்ஸ் ஊரினர்’. மொல்னார்கள் மலிந்த நாட்டில் ஊர்ப்பெயரை முன்னொட்டாகச் சேர்த்தால்தான் ஆளை அடையாளம் காணமுடியும்.

வாழ்நாளின் பெரும்பகுதியை ஜெர்மன் நகரங்களில் கழித்த புராட்டஸ்டண்ட் அறிஞர் இவர். துருக்கியர் ஒரு பங்கும் ஆப்ஸ்பர்க் அரசர் ஒரு பங்கும் ஆண்ட ஹங்கேரியில் அப்போது பெரிய நூல்களை அச்சிடுவது எளிதாயில்லை. 1604இல் நியூரம்பெர்க்கில் இலத்தீன்–ஹங்கேரிய அகராதியை வெளியிட்டார். 1607இல் விவிலியத்தின் 150 திருப்பாடல்களையும் ஜெனிவாவின் இசை மெட்டுகளுக்குப் பொருந்தும்படி ஹங்கேரியச் செய்யுளாக்கினார். மெட்டுகள் பிரெஞ்சு மொழிக்காக அமைந்தவை. அசையழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழும் ஹங்கேரிய மொழியை அவற்றுக்குள் அமர்த்துவது எளிய வேலையன்று. அந்தப் பாடல்கள் நானூறு ஆண்டு கழித்தும் ஹங்கேரிய சீர்திருத்தத் திருச்சபையில் பாடப்படுகின்றன. 1610இல் ஹங்கேரிய மொழிக்கு இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். பிற்கால அகராதிகள் பலவும் இவருடைய அகராதியின் மேல்தான் எழுந்தன.

தேர்ந்தெடுத்தவர்: ஃபெரென்ட்ஸ் மொல்னார்

உலக அரங்கில் இப்பெயரைப் பரப்பியவர் நாடகாசிரியர் ஃபெரென்ட்ஸ் மொல்னார் (1878–1952). பிறந்தபோது அவர் மொல்னார் அல்லர், நாய்மான். புடாபெஸ்டின் யூத மருத்துவர் ஒருவரின் மகன்.

ஜெர்மன் பெயர் ஒரு ஹங்கேரிய யூதக் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்பதை அறிய நூறாண்டு பின்னே போக வேண்டும். ஆப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1787இல் பிறப்பித்த ஆணை, யூதர்கள் நிலையான குடும்பப்பெயர் ஒன்றை ஏற்க வேண்டும் என்றது. பெரும்பாலோர்க்கு ஜெர்மன் பெயர்களே வாய்த்தன. 1867இல் ஆஸ்திரியாவோடு உடன்பாடு ஏற்பட்டு, ஹங்கேரி தன் உள்நாட்டு ஆட்சியைத் தானே நடத்தத் தொடங்கியது. அந்த ஆண்டே யூதர்கள் சட்டப்படி சம உரிமை பெற்றனர். மகியார் மொழி பேசுவதும் மகியார் பெயர் தாங்குவதும் நாட்டுப்பற்றின் அடையாளமாயின. யூதர்கள், ஜெர்மானியர், ஸ்லோவாக்கியர் பலர் பெயரை மாற்றிக்கொண்டனர்.

1881இல் அரசு பெயர்மாற்றக் கட்டணத்தை ஐந்து ஃபோரிண்டிலிருந்து ஐம்பது க்ரைட்சாராகக் குறைத்தது. நூறு க்ரைட்சார் ஒரு ஃபோரிண்ட். ஆகப் பத்தில் ஒரு பங்கு. அதே ஆண்டில் பெயர் மகியார்மயமாக்கலுக்கென்றே புடாபெஸ்டில் ஒரு சங்கம் தோன்றியது. அதன் தலைவர் ஷிமோன் டெல்கெஷ், பெயரை மாற்றுவது எப்படி என்று 1898இல் ஒரு கையேடும் எழுதினார். புதுப்பெயர் சூடியவர்களை ‘ஐம்பது க்ரைட்சார் மகியார்’ என்று ஊர் கேலி செய்தது. அரசு மலிவாக விற்றதை வாங்கியவன் இளப்பமானான்; விற்றவனை யாரும் கேட்கவில்லை.

தேர்வு செய்வோருக்குத் தொழில்வழிப் பெயர்கள் வசதியாக இருந்தன. அவற்றில் பிரபுக்குலத்தின் வாடை இல்லை. ஆனால் ஐயத்துக்கிடமின்றி ஹங்கேரியம். ம்யூலர் என்ற ஜெர்மன் பெயருடையோருக்கு மொல்னார் நேரடி மொழிபெயர்ப்பாகவும் அமைந்தது. ‘நாய்மான்’ என்றால் புதியவன் என்று பொருள். ஆக ஃபெரென்ட்சின் தேர்வு மொழிபெயர்ப்பன்று. 1896இல், எழுதத் தொடங்கிய இளைஞராக அவர் அப்பெயரை ஏற்றார்.

பெயர் மாற்றிக்கொண்டவரின் மிகப் புகழ்பெற்ற நாவலில் பெயர்தான் ஒரு காயமாகிறது. ‘பால் தெருப் பையன்கள்’ 1906இல் தொடராகவும் 1907இல் நூலாகவும் வந்தது. புடாபெஸ்டின் ஒரு காலிமனையைக் காக்கப் போராடும் சிறுவர் கூட்டத்தின் கதை. கூட்டத்தில் எல்லாரும் அதிகாரிகள்; எர்னோ நெமெச்செக் ஒருவன்தான் சிப்பாய். அவனைத் துரோகி என்று தவறாக எண்ணி, சங்கக் குறிப்பேட்டில் அவன் பெயரைச் சிறிய எழுத்தில் எழுதிவிடுகிறார்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு கிடையாது. எனவே இந்த அவமானத்தின் கூர்மை மொழிபெயர்ப்பில் சற்று மழுங்கும். அந்த எழுத்துகளில் இடுபெயருக்கும் குடும்பப்பெயருக்கும் முதலெழுத்து பெரிதாக இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் அது ஆளின் பெயரே அன்று, வெறும் சொல். காய்ச்சலில் கிடக்கும்போதும் அச்சிறுவனை வாட்டுவது அந்தச் சிறிய எழுத்துகளே. மனை பின்னர் கட்டடத்துக்குப் போய்விடுகிறது. அது அவனுக்குத் தெரியாது.

அந்நாவலின் பெயர்களை வரிசையாகப் பார்த்தால் அக்காலப் புடாபெஸ்ட் தெரியும். பையன்களில் ஒருவன் பெயர் சோனகோஷ், அதாவது படகுக்காரர். எதிரணித் தலைவன் பெயர் ஆச், தச்சர். கோலிகளைப் பறித்துக்கொண்டு போகும் முரட்டுச் சகோதரர்கள் பாஸ்டர்கள், இடையர். எவன் வீட்டிலும் அந்தத் தொழில் நடக்கவில்லை. நெமெச்செக்கின் தந்தையோ உண்மையில் தையற்காரர்; ஆனால் அவர் பெயர் சபோ அன்று. ‘நெமெச்செக்’ ஸ்லாவியப் பெயர். பொருள் ‘சிறிய ஜெர்மானியன்’. ஹங்கேரியக் குழந்தைகள் பள்ளியில் படித்து அழும் தியாகச் சிறுவனுக்கு மகியார் அல்லாத பெயரை, தன் ஜெர்மன் பெயரைக் கைவிட்ட எழுத்தாளர் வைத்தார். தற்செயலாகவும் இருக்கலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1909இல் அரங்கேறிய ‘லிலியோம்’ நாடகத்தை முதலில் புடாபெஸ்ட் ரசிக்கவில்லை. பிறகு வியன்னாவும் நியூயார்க்கும் கொண்டாடின. 1945இல் ரோஜர்சும் ஹாமர்ஸ்டைனும் கதையை அமெரிக்கக் கடற்கரைக்கு மாற்றி ‘கரூசல்’ என்ற இசைநாடகமாக்கினர். லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் அரங்கம் அதிரப் பாடும் ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ அந்த இசைநாடகத்தில் வரும் பாட்டு. ஆட்ட ரசிகர்களில் எத்தனை பேர் அதைப் புடாபெஸ்டின் ராட்டினக்காரன் கதையோடு சேர்த்து நினைப்பார்கள்!

பெயரைக் கொடுத்த நாடு பிற்காலத்தில் பெயரைப் பார்க்கவில்லை. 1938ஆம் ஆண்டின் முதல் யூதச் சட்டம், பத்திரிகை, நாடகம், திரைப்படம் முதலிய துறைகளில் யூதர் பங்கை 20 விழுக்காட்டுக்குள் கட்டியது. 1939இன் சட்டம் அதை 6 ஆக்கியது. 1941இன் சட்டம் இன அடிப்படையில் திருமணத்தையே தடுத்தது. இச்சட்டங்கள் கேட்டது பெற்றோரும் பாட்டன் பாட்டியும் யார் என்பதை. ஐம்பது க்ரைட்சாருக்கு வாங்கிய மகியார் பெயர் அங்கே செல்லுபடியாகவில்லை. மொல்னார் 1940இல் நியூயார்க் சேர்ந்தார். அங்கேயே 1952இல் இறந்தார்.

சில மாதங்கள் மட்டும்: திபோர் மொல்னார்

1944 மார்ச் 19 அன்று ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் புகுந்தது. டெப்ரெட்சென் நகரில் பிறந்த இம்ரே லிப்ஷிட்ஸ் என்ற 21 வயது யூத இளைஞர், பொய்ச் சான்றிதழ்களோடு நாட்ய்வாரட் நகருக்குப் போய் ஒளிந்து வாழ்ந்தார். அந்தச் சான்றிதழ்களில் அவர் பெயர் திபோர் மொல்னார். ஒளிந்திருப்பவருக்கு வேண்டியது, கேட்பவர் காதில் தங்காத பெயர். தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயர் அதற்குப் பொருத்தம். அவர் தப்பினார். தாயும் பாட்டியும் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டனர்.

போருக்குப் பின் அவர் லிப்ஷிட்சாகத் திரும்பவும் இல்லை, மொல்னாராக இருக்கவும் இல்லை. லகடோஷ் என்ற பெயரை ஏற்றார். இதுவும் தொழில்வழிப் பெயரே: பூட்டு செய்பவர். முதலெழுத்து மட்டும் பழைய பெயருடையது. ‘நிரூபணங்களும் மறுப்புகளும்’ எழுதிய, அறிவியல் தத்துவ மாணவர்கள் இன்று படிக்கும் இம்ரே லகடோஷ் (1922–1974) இவர்தான். 1950களில் தன் நாட்டின் பொதுவுடைமை அரசாலேயே சில ஆண்டுகள் சிறைவைக்கப்பட்டு, 1956 எழுச்சிக்குப் பின் இங்கிலாந்து சென்றார்.

மணத்தால் வந்தவர்: வேரா மொல்னார்

கணினிக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான வேரா மொல்னார் (1924–2023) புடாபெஸ்டில் பிறந்தபோது வேரா காச். கணவர் பெயர் ஃபெரென்ட்ஸ் மொல்னார். நாடகாசிரியர் அல்லர், அதே பெயருள்ள மற்றொருவர், காட்சி உணர்வை ஆய்ந்தவர். மனைவி கணவரின் முழுப்பெயரோடு ‘னே’ என்ற விகுதியைச் சேர்த்துக்கொள்வது ஹங்கேரிய மரபு. அதன்படி இவர் ‘மொல்னார் ஃபெரென்ட்ஸ்னே’ ஆகியிருக்க வேண்டும். வேரா என்ற இடுபெயரே மறைந்திருக்கும். 1947இல் பாரிஸ் சென்றுவிட்டதால் பிரெஞ்சு முறை அவருக்கு இடுபெயரை விட்டுவைத்தது.

கணினி கிடைக்காத காலத்தில், 1959 முதல், ‘கற்பனை எந்திரம்’ என்று தானே பெயரிட்ட ஒரு முறையில் படம் வரைந்தார். விதிகளை முன்கூட்டி எழுதிக்கொண்டு, எந்திரம் போலவே கையால் படிப்படியாக நிறைவேற்றுவது. 1968இல் பாரிசின் ஓர் ஆய்வுக்கூடத்தில் உண்மைக் கணினி கிடைத்தது. ஃபோர்ட்ரான் கற்றார். சதுரங்களை வரிசையாக அடுக்கி, விதியில் நூற்றில் ஒரு பங்கு ஒழுங்கின்மையைக் கலந்து என்ன ஆகிறது என்று பார்ப்பது அவர் விருப்பம். வயதாக ஆகத் தாயின் கையெழுத்து தடுமாறியதைக் கணினி வழியே வரைந்த ‘என் தாயின் கடிதங்கள்’ தொடர், எந்திரத்தால் இரக்கம் காட்ட முடியுமா என்று கேட்பவருக்குத் தகுந்த விடை. தன் பெயரையும் ஓவியர் மோந்திரியானின் பெயரையும் ஒட்டி ‘மொல்ந்திரியான்’ என்று ஒரு படைப்புக்குப் பெயரிட்டார். 99 வயதில் இறக்கும் ஆண்டிலும் புதிய படைப்புகளில் ஈடுபட்டிருந்தார்.

பிறர்

கட்டடக் கலைஞர் ஃபர்கஷ் மொல்னார் (1897–1945) பேச் நகரில் பிறந்தவர். வைமாரில் பௌஹவுஸ் மாணவராக இருந்து, வால்ட்டர் குரோப்பியசின் அலுவலகத்தில் பணியாற்றினார். 1923இல் ‘செங்கனம்’ என்ற வீட்டு வடிவமைப்பால் கவனம் பெற்றார். புடா குன்றுகளில் அவர் கட்டிய வெண்ணிற வீடுகளுள் ஒன்றின் உரிமையாளர் பெயர் டால்நோகி கோவாச். கொல்லருக்கு ஆலைக்காரர் வீடு கட்டினார் என்று அகராதிக்காரர் சிரித்துக்கொள்ளலாம். 1945 ஜனவரியில் புடாபெஸ்ட் முற்றுகையின்போது அவர் உயிரிழந்தார்.

ஆந்தால் மொல்னார் (1890–1983), 1910இல் பார்த்தோக்கின் முதல் நால்வர் இசைப்படைப்பை முதன்முதலில் வாசித்த குழுவில் வியோலா கலைஞர். பிறகு இசையியல் அறிஞர். செகெட் நகரின் தமாஷ் மொல்னார் 2000, 2004, 2008 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் நீர்ப்போலோ தங்கம் வென்ற அணியில் இருந்தார்.

எல்லைகளுக்கு அப்பால்

முதல் உலகப் போருக்குப் பின், 1920இன் திரியனோன் உடன்படிக்கையால் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. பல மொல்னார்கள் வீட்டைவிட்டு நகராமலே ருமேனியாவிலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் யூகோஸ்லாவியாவிலும் குடிமக்களாயினர். ருமேனியாவில் பெயரின் மேலுள்ள நெடில் குறி பெரும்பாலும் உதிர்ந்தது. செர்பியாவில் அதைச் சிரில்லிக் எழுத்திலும் காணலாம். ஸ்லோவாக்கியாவில் பெண்களின் குடும்பப்பெயர் ‘ஓவா’ என முடிவது வழக்கம். எனவே மகள் மொல்னாரோவா. ஹங்கேரியப் பெண்கள் இவ்விகுதி இல்லாமல் பதிவு செய்துகொள்ள இப்போது சட்டம் இடம் தருகிறது.

எல்லை மாறுமுன்பே இப்பெயர் மொழிகளைக் கடந்ததுண்டு. திரான்சில்வேனியாவின் ருமேனிய மருத்துவர் யோவான் பியுவாரியு-மொல்னார் (1749–1815) கண் மருத்துவத்தில் புகழ்பெற்றவர். ஜெர்மன் வாசகருக்காக ருமேனிய மொழி இலக்கணமும் எழுதினார். ‘பியுவார்’ ருமேனியத்தில் கம்பளி அடிக்கும் ஆலைக்காரர். ‘மொல்னார்’ ஹங்கேரியத்தில் மாவு ஆலைக்காரர். அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்த வியன்னா, ‘ஃபான் ம்யூலர்ஸ்ஹைம்’ என்று ஜெர்மனிலும் அதையே சேர்த்தது. ஒரே ஆளின் பெயரில் மூன்று ஆலைகள். மூன்றும் அவர் வாழ்ந்த நாட்டின் மொழிகள்.

பெயர்க்குழப்பம்

ஹங்கேரியில் குடும்பப்பெயர் முன்னும் இடுபெயர் பின்னும் வரும்: மொல்னார் ஃபெரென்ட்ஸ். பிற நாட்டு நூல்கள் இதைத் திருப்பி எழுதுகின்றன. நாடகாசிரியரை ஆங்கில நூல்கள் ஃபெரென்ட்ஸ் என்றும் ஜெர்மன் நூல்கள் ஃபிரான்ஸ் என்றும் குறிப்பதால், நூலகப் பட்டியலில் இரண்டு வடிவங்களிலும் தேட வேண்டும். வேராவின் கணவர் பிரெஞ்சு ஆவணங்களில் ஃபிரான்சுவா மொல்னார். 2005இல் ‘மெகாஸ்டார்’ தொலைக்காட்சிப் போட்டியில் வென்று ‘கேரமல்’ என்ற மேடைப்பெயரால் அறியப்படும் பாடகரின் இயற்பெயரும் மொல்னார் ஃபெரென்ட்ஸ்தான். இணையத்தில் இப்பெயரைத் தேடுவோர் பிறந்த ஆண்டையும் சேர்த்துத் தேடுவது நல்லது.